பதினேழாம் அத்தியாயம் வராத ஊர்

கொழும்பு
02.05.1963

அன்பின் அபூதாஹிர்,

நான் சுகம். நீரும் தங்கை நிஸாவும் சுகமாக இருக்கவேண்டும்.

"நாகத்துறை"யின் பதினேழாம் அத்தியாயம் வெளிவந்து இரண்டு கிழமையாகிறது. "சங்கநாதம்" வார இதழுக்கு வரும் வாசகர் தபாலுக்கு எங்கள் கந்தோரில் ஒரு கூடை போதாமல் இரண்டாவது கூடை வைத்திருக்கிறார்கள். பதினாறு வரைக்கும் எல்லோரும் கேட்டது, திருகோணமலைச் சுவாமி மலைக்குக் கீழே கடலுக்குள் உண்மையிலேயே நாகர் பட்டினம் இருந்ததா, சோழர் கப்பலுக்கு எத்தனை பாய் என்பதுதான். இப்போது நாக இளவரசன் ஆழியன் தன் குலத்து மணியைத் தண்டநாயகனின் மகளுக்குக் கொடுக்காமல் கப்பலோட்டி மாதலனின் கையில் வைத்துவிட்டான். மணி யார் கையிலோ அவரோடுதான் வாழ்க்கை என்பது நாகர் சட்டம் என்று மூன்றாம் அத்தியாயத்திலேயே எழுதியிருந்தேன். அதனால் ஒருவருக்கும் விளங்காமல் போகவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் அந்தப் பக்கத்தைக் கிழித்து நான்காக மடித்து அனுப்பியிருக்கிறார். ஒரு வரிகூட எழுதவில்லை. மட்டக்களப்புக்காரர் ஒருவர் உமது நாகலோகத்தில் பெண்ணுக்குப் பஞ்சமா என்று கேட்கிறார். மலைநாட்டில் அற்றன் பக்கமிருந்து ஒரு பெண், "நானும் என் சிநேகிதியும் சேர்ந்து வாசித்தோம். வாசித்து முடித்தபின் இரண்டு பேரும் கதைக்கவில்லை. அடுத்த நாள் திரும்பவும் வாசித்தோம்" என்று எழுதியிருக்கிறாள். பெயர் போடவில்லை. பெயரில்லாத கடிதமென்று ஆசிரியர் அதைக் குப்பையில் போட்டார். நான் எடுத்து என் மேசை லாச்சியில் வைத்திருக்கிறேன்.

கதை இருபத்தெட்டாம் அத்தியாயத்தோடு முடிகிறது. அதில் மாதலனுக்கும் தண்டநாயகன் மகளுக்கும் கலியாணம் செய்துவைக்கச் சொல்கிறார் ஆசிரியர். மாட்டேன் என்றேன். நல்ல மனிதர், கோபிக்கவில்லை. "பெயரும் விலாசமும் போட்டு, அச்சில் போடச் சம்மதிச்சு, இது இப்பிடித்தான் முடியவேணுமெண்டு ஒரே ஒரு ஆள் எழுதட்டும். நான் கை வைக்கமாட்டன்" என்றார்.

எனக்குத் தெரிந்த ஒரே ஆள் நீர்தான். "துறைமாறன்" என்ற பெயருக்குள் இருப்பது இந்தக் கோணாமலை என்று ஆசிரியரைத் தவிர வெளியில் தெரிந்த ஆளும் நீர்தான். வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தை விட்டுப்போய், டொக்யாட்டில் என் வேலையும் போய், நான் இங்கே அச்சுப்படி ஒப்புநோக்குகிற வேலைக்கு வந்து ஆறு வருடம். அன்றிலிருந்து என்னுடைய ஒவ்வொரு கதைக்கும், உமது பத்திரிகைக் கடையில் யார் என்ன சொன்னார் என்று விடாமல் எழுதி வருகிறீர். பதினேழைப் பற்றி மட்டும் மூச்சில்லை.

வாசித்தீரா?

கோணாமலை


786
திருகோணமலை
09.05.1963

அன்பின் கோணாமலைக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் சுகம். வெயில் மட்டும் மனிதரைக் கொல்கிறது.

உமது கதைக்கு இங்கே நல்ல பெயர். மூதூர் லாஞ்சு ஓட்டுகிற ஸைனுலாப்தீன் நானாவுக்கு மட்டும் ஒரு மனக்குறை. கச்சான் காற்று அடிக்கிற மாதத்தில் உமது சோழர் கப்பல் எல்லாப் பாயையும் விரித்துக்கொண்டு நேரே துறைமுகத்துக்குள் நுழைகிறதாம். "கச்சான் தரையில இருந்து கடலுக்கு அடிக்கிற காத்து. அதுக்கு எதிர்ல எப்பிடியப்பா பாய் விரிக்கிற? எழுதினவன் கடலைப் படத்திலதான் பாத்திருக்கான்" என்று கடையில் நின்று சத்தம் போட்டார். எழுதினவன் இங்கே சல்லிக் கடற்கரையில் பிறந்தவன் என்று வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டேன்.

பாலையூற்றுப் பாக்கியரத்தினம் டீச்சர் ஒவ்வொரு அத்தியாயத்தையும் வெட்டி, பசை போட்டு, புத்தகமாகக் கட்டிவருகிறார். மாதலனுக்கும் ஆழியனுக்கும் உள்ள சிநேகிதம்போல் இந்தக் காலத்தில் எங்கே காணலாம் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தார்.

பதினேழைக் கேட்டீர். அந்தக் கிழமைக் கட்டு இங்கே வரவில்லை. கந்தளாய்ப் பக்கம் மழை, றெயிலில் எல்லாம் நனைந்து போயிற்று. அடுத்த கிழமை பதினெட்டை விற்றேன். சனம் சமாளித்து வாசித்துக்கொண்டது.

நிஸாவுக்கு மூதூரில் ஒரு இடம் பேசிவருகிறோம். நல்ல குடும்பம். வருகிற மாதம் பார்க்க வருவார்கள். அந்த அலைச்சலில் இருக்கிறேன்.

இப்படிக்கு
அபூதாஹிர்


கொழும்பு
14.05.1963

அன்பின் அபூதாஹிர்,

மழையா! அந்த மழைக்கு நான் ஒரு தேங்காய் உடைக்கவேண்டும். இரண்டு கிழமையாக என்னென்னவோ நினைத்துச் சோறு இறங்கவில்லை. வாசித்துவிட்டு உமக்கு அருவருப்பாகிவிட்டது என்று நினைத்தேன். வாசிக்கவே இல்லை என்று எனக்குத் தோன்றவில்லை பாரும்.

ஸைனுலாப்தீன் நானா சொன்ன காற்று விஷயம் சரிதான். பிறந்த கடலையே பிழையாக எழுதிவிட்டேன். புத்தகமாக வரும்போது திருத்துகிறேன்.

என்னிடமிருந்த பதினேழை இதோடு வைத்திருக்கிறேன். வாசித்துவிட்டு, பிடித்தால் மட்டும் அந்தக் கடிதத்தை எழுதும். நாளைக்கு விநியோகப் பகுதிக்குப் போய், திருகோணமலைக்கு அந்த இதழை மீண்டும் ஒரு கட்டு அனுப்பச் சொல்கிறேன். டீச்சரின் புத்தகத்தில் ஒரு அத்தியாயம் குறையக் கூடாது.

உமது
கோணாமலை


கொழும்பு
16.05.1963

திரு. அபூதாஹிர் அவர்களுக்கு,

நேற்று விநியோகப் பகுதிக்குப் போனேன். திருகோணமலைக் கட்டு மழையில் போய்விட்டது, வேறு அனுப்புங்கள் என்றேன். அங்கே இருந்தவர் சிரித்தார். "ஆர் ஐயா சொன்னது? விக்காமத் திரும்பி வந்திட்டுதே" என்று ஒரு சாக்கை அவிழ்த்தார்.

முகவர் தொழில் உங்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. விற்காத இதழ்களை முழுதாகச் சுமக்காமல், பத்திரிகைப் பெயர் உள்ள மேல்பட்டையை மட்டும் வெட்டிக் கட்டி அனுப்புவீர்கள். ஊரெல்லாம் இருந்து வருகிற பட்டைகளில் உங்கள் பட்டை எனக்குத் தெரியும். முனை உடைந்த கத்தரிக்கோலால் இடப்பக்கம் சற்றுக் கோணலாக வெட்டியிருக்கும். பதினேழாம் அத்தியாய இதழின் பட்டைகள் நூற்றியிருபதும் அந்தச் சாக்கில் இருந்தன. நனைந்த தாளை அப்படி வெட்ட முடியாது.

ஒன்றுகூட விற்கவில்லை. கட்டைப் பிரித்து வெளியே வைக்கவே இல்லை.

நூறு பேர் திட்டினார்கள். அதில் ஒன்றும் எனக்குச் சுடவில்லை. இது சுட்டது.

கோணாமலை


786
திருகோணமலை
27.05.1963

கோணாமலைக்கு,

பொய் சொன்னேன். ஓம். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் நீரும் கொஞ்சம் கேளும்.

அன்று காலையில் ஸ்டேசனில் கட்டை இறக்கி, வழக்கம்போல அதன் மேலேயே குந்தி, ஒரு பிரதியை உருவி உமது அத்தியாயத்தைத்தான் முதலில் வாசித்தேன். ஆழியன் மணியைக் கொடுக்கிற இடம் வந்தது. மாதலன் கப்பலேறப் போகிறான். ஆழியன் சொல்கிறான்: "நான் கை காட்டமாட்டேன். கை காட்டினால் நீ போய்விட்டாய் என்று ஆகிவிடும்."

அது உமது ஆழியன் சொன்னதா? அதே ஸ்டேசனில், நான் குந்தியிருந்த இடத்துக்குப் பத்தடி தள்ளி, ஆறு வருடத்துக்கு முன் நான் சொன்னது. உமக்கு மட்டும் சொன்னது. பக்கத்தில் நிஸா நின்றாள். உமது பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸைனுலாப்தீன் நானா நின்றார். அவர்களுக்குக் கேட்டதா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு எழும்ப ஏலாமல் எவ்வளவு நேரம் இருந்தேன் தெரியுமா? ஸ்டேசன் மாஸ்டர் வந்து சுகமில்லையா என்று கேட்டார்.

நீர் கொழும்பில் துறைமாறன். திட்டுகிறவனுக்கு உமது முகம் தெரியாது. என் பெயர் கடைப் பலகையில் பெரிய எழுத்தில் இருக்கிறது. தங்கைக்கு மாப்பிள்ளை பேசுகிறேன். யாராவது ஒருவன் அந்த வரியை வாசித்துவிட்டு, இது இவன் குரல் மாதிரி இருக்கிறதே என்று நினைத்தால் நான் எங்கே போவேன்? என்னைப் பற்றி எழுதமுன் என்னிடம் ஒரு சொல் கேட்டிருக்கலாம். கேட்டீரா?

பட்டைகளை வெட்டினேன். மிச்சத்தை என் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன். நீர் அனுப்பிய பிரதியையும் அதோடு வைத்துவிட்டேன். கொஞ்சக் காலம் எழுத வேண்டாம்.

அபூதாஹிர்


கொழும்பு
03.06.1963

அபூதாஹிர்,

எழுத வேண்டாம் என்றீர். இந்த ஒன்றை மட்டும் வாசியும்.

கேட்கவில்லை. பிழைதான். உமது வாயிலிருந்து வந்ததை எடுத்து எவனோ ஒரு பாம்பு இளவரசனின் வாயில் வைத்தபோது, அது எனக்கே சொந்தம் என்று நினைத்துவிட்டேன். எனக்குச் சொன்னது என்பதால் அப்படி நினைத்தேன். சொன்னவருக்கும் அதில் பங்கு இருக்கிறது என்று யோசிக்கவில்லை.

பெயருக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறேன் என்றதும் சரிதான். அற்றன் பெண்ணின் கடிதத்தை ஆசிரியர் எறிந்தபோது, நானும் பெயரில்லாதவன்தானே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஆனால் ஏன் எழுதினேன் என்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இந்த அறையில் எனக்கு உமது குரல் மறந்துகொண்டு வந்தது. முகம் நினைவிருக்கிறது, குரல் போய்க்கொண்டிருக்கிறது. எழுதினால் கேட்கும் என்று எழுதினேன். இருபத்தெட்டு வாரக் கதைக்கும் சோழருக்கும் நாகருக்கும் வேறு காரணம் இல்லை. உம்மை விரும்புகிறேன் என்று நேரே சொல்லத் துணிவில்லாமல் ஒரு கப்பற்படையையே கட்டி இறக்கினேன்.

இனி அந்தக் கடிதத்தைக் கேட்கமாட்டேன். கடைசி அத்தியாயம் ஜூன் 28ஆம் திகதி அச்சுக்கோக்கப் போகிறது. ஆசிரியர் விரும்பியபடி கலியாணத்தை எழுதிக் கொடுத்துவிடுகிறேன். நிஸாவின் காரியம் நல்லபடி நடக்கட்டும்.

கோணாமலை


786
திருகோணமலை
15.06.1963

அன்பின் கோணாமலைக்கு,

நடந்ததைக் கேட்டால் சிரிப்பீர். எனக்குச் சிரிப்பு இன்னும் வரவில்லை.

பட்டை வெட்டிய பேப்பர்கள் வழக்கமாக எங்கே போகும்? சந்தையில் மஹ்ரூபின் பலசரக்குக் கடைக்கு, சாமான் சுற்ற. இது எங்கள் வீட்டில் வாப்பா காலத்திலிருந்து உள்ள பழக்கம். மூதூர் ஆட்கள் வரப்போகிறார்கள் என்று நிஸா வீட்டைக் கழுவினாள். கட்டிலுக்குக் கீழே தலைவெட்டின பேப்பர் கட்டைக் கண்டாள். மறந்துவிட்டேன் என்று நினைத்து, நான் கிண்ணியாவுக்குப் போயிருந்த நேரம் மஹ்ரூபுக்குக் கொடுத்துவிட்டாள்.

போன கிழமை முழுக்க இந்த ஊர் சீனியும் பருப்பும் கொச்சிக்காயும் பதினேழாம் அத்தியாயத்தில்தான் சுற்றி வாங்கியது. நான் கடையில் இருந்து, போகிறவர் வருகிறவர் கைப்பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் வந்தது டீச்சர். கையில் கசங்கிய துண்டுகள். "அபூதாஹிர், இது எனக்கு வராத அத்தியாயம். மிச்சத்துக்காக மூண்டு தரம் பருப்பு வாங்கிட்டன். இன்னும் கால் பக்கம் காணேல்ல. உங்களிட்ட இருக்கோ?" என்றார். நீர் அனுப்பியிருந்த முழுப் பிரதியும் அந்தக் கட்டோடு போய்விட்டது. இல்லை என்றேன். அவர் கதிரையில் உட்கார்ந்து துண்டுகளை மடியில் பரப்பினார். சிநேகிதம் என்று அழுத மனுசி இப்போது என்ன சொல்லப்போகிறாரோ என்று பார்த்துக்கொண்டு நின்றேன். "நான் இவங்களைச் சிநேகிதரெண்டெல்லோ நினைச்சனான். அப்ப எல்லாத்தையும் முதல்ல இருந்து வாசிக்கவேணும்" என்றார். முகத்தில் கோபம் இல்லை. சந்தோசம் என்றும் சொல்லமாட்டேன். கணக்கில் ஒரு படியைத் தவறவிட்டவர் மாதிரி இருந்தார்.

எல்லோரும் டீச்சர் இல்லை. பள்ளிவாசல் வீதியில் இரண்டு வீட்டார் இனிமேல் "சங்கநாதம்" வேண்டாம் என்றுவிட்டார்கள். மீன் சந்தையில் ஒருவன் அந்த வரியைக் குரல் மாற்றிச் சொல்லிக் காட்டினான், சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் குனிந்துகொண்டு வந்துவிட்டேன். அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

ஸைனுலாப்தீன் நானா வந்தார். அவருக்குக் கருவாடு சுற்றின துண்டு கிடைத்திருக்கிறது. கை காட்டுகிற இடம்தான் அதில் இருந்தது. என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு கடலைப் பார்த்தார். "காத்துத்தான் பிழை. மத்ததெல்லாம் சரி" என்று சொல்லிவிட்டு லாஞ்சைக் கிளப்பப் போய்விட்டார். அவருக்கு அன்றைக்குக் கேட்டிருக்கிறது, கோணாமலை. ஆறு வருடமாக ஒவ்வொரு நாளும் என் கடையில் பேப்பர் வாங்கிக்கொண்டு, கேட்டதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

நிஸாவும் வாசித்திருக்கிறாள், கட்டைக் கொடுக்கமுன்பே. அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள்: "காக்கா, அந்தத் தண்டநாயகன்ட மகளுக்கு ஒரு பேர் வைக்க ஏலாமப் போச்சா அவருக்கு?"

"எவருக்கு?" என்றேன்.

"உங்கட கூட்டாளிக்கு. ஸ்டேசன்ல நானும் நிண்டனான்தானே."

மூதூர் ஆட்கள் வந்தார்கள், சாப்பிட்டார்கள், யோசித்துச் சொல்கிறோம் என்று போயிருக்கிறார்கள். அவர்களுக்கு எட்டியதா என்று தெரியாது.

அபூதாஹிர்


கொழும்பு
19.06.1963

அன்பின் அபூதாஹிர்,

கொச்சிக்காய் சுற்றிய சரையில் என் கதை வருமென்று கனவிலும் நினைக்கவில்லை. டீச்சர் மூன்று தரம் பருப்பு வாங்கினார் என்ற இடத்தில் சிரித்தேன். மீன் சந்தையை வாசித்து, எழுதிய கையையே வெட்டிப்போடலாம் என்று இருந்தது.

நிஸா என் காலை வாரிவிட்டாள். கலியாண அத்தியாயத்தை எழுத உட்கார்ந்து, தாலி கட்டுகிற இடத்தில் பெண்ணின் பெயர் வேண்டுமென்று பார்த்தால் பெயரே இல்லை. இருபத்தேழு அத்தியாயத்திலும் தண்டநாயகன் மகள், தண்டநாயகன் மகள் என்றே எழுதி வந்திருக்கிறேன். ஒரு பெயர் வைத்தேன். வைத்ததும் அவள் ஆளாகிவிட்டாள். ஆளானதும் அவளுக்கு நான் செய்யப்போவது அநியாயம் என்று தெரிந்தது. ஆனாலும் எழுதி முடித்து நேற்று ஆசிரியர் மேசையில் வைத்துவிட்டேன். அவர் வாசித்துப் பார்த்து, நல்லாயிருக்கு என்றார். நல்லாயில்லை என்று அவருக்கும் தெரியும்.

என்னுடைய முடிவும் கையெழுத்தில் என் லாச்சியில் இருக்கிறது. மாதலன் கடலுக்குள் இறங்கிப் போகிறான். அது அங்கேயே இருக்கட்டும். இதை உம்மை உருக்குவதற்காக எழுதவில்லை. உம்மிடம் ஒன்றையும் மறைக்க விரும்பாததால் எழுதுகிறேன்.

கோணாமலை


786
திருகோணமலை
24.06.1963

கோணாமலை,

உங்கள் ஆசிரியருக்கு இன்று பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போட்டேன். 28ஆம் திகதிக்கு முன் கிடைத்துவிடும். நீ என்னிடம் கேட்காமல் எழுதினாய். நான் உனக்குக் காட்டாமல் போட்டேன். இப்போது சரிக்குச் சரி. பிரதியைக் கீழே எழுதியிருக்கிறேன்.

போடமுன் நிஸாவிடம் வாசித்துக் காட்டினேன். மூதூரார் வேண்டாம் என்றால் என்ன செய்வது என்று கேட்டேன். முத்திரையை நனைத்து அவளே ஒட்டினாள். "என்ட பேருக்காகத்தான் ஒளிச்சதெண்டு இனி ஆருக்கும் சொல்லாதீங்க காக்கா. நீங்க பயந்தீங்க. அதைச் சொல்லுங்க" என்றாள். அதைத்தான் எழுதியிருக்கிறேன்.

எனக்கு இன்னும் பயம்தான். தபால் கந்தோர்ப் படியில் இரண்டு தரம் ஏறி இறங்கினேன். ஆனால் அந்த மீன் சந்தைக்காரன் சிரித்தபோது எனக்கு வந்த வெட்கம், அவன் சொன்ன சொல்லுக்காக வரவில்லை. அது என் சொல் என்று நான் சொல்லாமல் குனிந்து வந்தேனே, அதற்குத்தான் வந்தது.

நானும் உன்னை விரும்புகிறேன். ஸ்டேசனில் சொன்னதற்கு அதுதான் அர்த்தம். உனக்கு அது அன்றைக்கே விளங்கியிருக்கிறது. நான் ஒரு அத்தியாயத்தை ஒளித்துப் பார்த்துத்தான் விளங்கிக்கொண்டேன்.

அபூதாஹிர்

(பிரதி)

"சங்கநாதம்" ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

"நாகத்துறை" பதினேழாம் அத்தியாய இதழ் திருகோணமலையில் ஒன்றுகூட விற்கவில்லை என்று உங்கள் பதிவில் இருக்கும். அது வாசகர்களின் பிழையல்ல. கட்டைப் பிரிக்காமல் வைத்துக்கொண்டவன் நான். அத்தியாயத்தை வாசித்துப் பயந்து அப்படிச் செய்தேன். ஆழியன் மாதலனிடம் சொல்லும் சொல்லை ஒரு காலத்தில் நானும் ஒருவரிடம் சொன்னவன். அது எவ்வளவு உண்மை என்று எனக்குத் தெரியும், அதனாலேயே பயந்தேன்.

மாதலனுக்குத் தண்டநாயகன் மகளைக் கட்டிவைக்கப் போகிறீர்கள் என்று அறிகிறேன். வேண்டாம் ஐயா. அந்தப் பிள்ளை ஒருவருக்கும் ஒரு தீங்கும் செய்யவில்லை. வாழ்நாள் முழுக்கக் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஒருவனை அவளுக்கு ஏன் கொடுக்கவேண்டும்? மாதலனை அவனுடைய இடத்துக்குப் போக விடுங்கள். இந்தக் கதை அப்படித்தான் முடியவேண்டும்.

இக்கடிதத்தை என் பெயரோடும் விலாசத்தோடும் பிரசுரிக்கவும். ஒன்றையும் சுருக்க வேண்டாம். கடிதம் வரும் இதழில் எனக்கு வழக்கத்தைவிட ஐம்பது பிரதி கூடுதலாக அனுப்பவும். கடை வாசலிலேயே தொங்கவிடுவேன்.

இப்படிக்கு,
மு. அபூதாஹிர்
பத்திரிகை முகவர்
உட்துறைமுக வீதி
திருகோணமலை